செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

நிறுத்து! அந்தப் பென்டிரைவைக் குப்பைத்தொட்டியில் எறிவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல். அது செத்துவிட்டதென்று உனக்கு யார் சொன்னது? கணினியா? கணினி சொன்னது இவ்வளவுதான்: இதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓர் இயந்திரம் தன் இயலாமையை ஒப்புக்கொண்டது. அதைக் கேட்டவுடனே அந்தப் பொருளுக்குப் பால் தெளிக்கக் கிளம்பியவன் நீ.

காட்பாடியில் எந்த செராக்ஸ் கடை வாசலில் வேண்டுமானாலும் கொஞ்ச நேரம் நின்று பார். சித்தூர் பஸ் நிலையம் பக்கம் நில், காந்தி நகரில் நில், வி.ஐ.டி. வாசலுக்கு எதிரே நில். "அண்ணா, ஃபார்மேட் அடிச்சேன், இப்ப டிடெக்டே ஆவல" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கடைக்காரர் வாங்கித் தன் கணினியில் ஒருமுறை செருகிப் பார்ப்பார். "கரப்ட் ஆயிடுச்சுப்பா, புதுசு வாங்கிக்கோ." வழக்கு முடிந்தது. கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குப் பின்னால் ஹால் டிக்கெட்டும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் கேட்டுவிட்டுத் தலையாட்டித் திரும்புகிறாயே, நீ யார்? கணினிப் பொறியியல் படிக்க ஊர்விட்டு ஊர் வந்தவன். குடியாத்தத்திலிருந்தும் லத்தேரியிலிருந்தும் தினம் பஸ் ஏறி வந்து பி.எஸ்சி. படிப்பவள். எது கெட்டது, எங்கே கெட்டது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

பென்டிரைவைப் போல உன்னையும் உலகம் இன்னும் அடையாளம் காணவில்லை, கலங்காதே என்று இந்த இடத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வேலை வேண்டாம். நீ மனிதன், அது சில நூறு ரூபாய்ச் சாமான். நான் பேச வந்தது அந்தச் சாமானைப் பற்றித்தான். அதைக் கையில் எடுத்து, பதறாமல், ஏன் என்று தெரியும்வரை விடாமல் உட்கார உன்னால் முடியுமா? முடியும் என்றால் மேலே படி.

முதலில் உன் பயத்தைக் கவனிப்போம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தால் கை நடுங்குகிறது. ஏதோ மகாமேதைகள் நூறு பேர் கூடி உருவாக்கிய கோட்டை, நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்கிறாய். விண்டோஸில் ஃபார்மேட் கொடுத்ததும் ஒரு சிறிய சன்னல் வருமே, அதன் கதையைச் சொல்கிறேன். அதை எழுதியவர் டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் நிரலாளர். 1994 கடைசியில், மழை பெய்த ஒரு வியாழக்கிழமைக் காலையில், என்னென்ன தேர்வுகள் வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாராம். நல்ல வடிவம் பின்னால் வரும், அதுவரை இது இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அந்த நல்ல வடிவம் வரவே இல்லை. ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் 32 ஜிபிக்கு மேல் ஃபார்மேட் செய்ய முடியாது என்று அந்தச் சன்னல் அடம்பிடிக்கிறதே, அந்த எல்லையும் அன்று அவர் யோசித்து வைத்த எண்தான். உலகம் முப்பது வருடம் அதற்குக் கட்டுப்பட்டது. கட்டளை வழியாக அதை 2 டிபி வரை உயர்த்தும் சோதனைப் பதிப்பு 2024-ல்தான் வந்தது. இவற்றையெல்லாம் அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதன் ஒரு காலையில் தற்காலிகமாகச் செய்துவைத்த சன்னலைப் பார்த்தா நீ நடுங்குகிறாய்?

நிமிர்ந்து உட்கார். செருகியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பென்டிரைவின் வாயில் நான்கு பட்டைகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளம். அவை 5 வோல்ட் மின்சாரத்துக்கானவை, முதலில் தொடவேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். நடுவிலுள்ள இரண்டும் தகவலுக்கானவை. மின்சாரம் ஏறியதும் உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு விழிக்கிறது. கணினி அதைக் கேட்கிறது: நீ யார்? எந்தக் கம்பெனி? என்ன வகை? சில்லு தன் எண்களைச் சொல்கிறது. எவ்வளவு கொள்ளளவு என்று அடுத்து கேட்கிறது. அதற்கும் பதில் வந்தால், முதல் பகுதியைப் படித்து உள்ளே எத்தனை பாகம், அதாவது பார்ட்டிஷன், இருக்கிறது என்று பார்க்கிறது. பிறகு அந்தப் பாகத்தில் எந்த ஃபைல் முறை என்று பார்க்கிறது. கடைசியாக டி, இ, எஃப் என்று ஓர் எழுத்தை ஒட்டுகிறது. அப்போதுதான் உன் திரையில் படம் தெரியும். இத்தனை படிகளில் எதில் தடுக்கினாலும் உன் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "டிடெக்ட் ஆவல." எந்தப் படியில் தடுக்கியது என்று கண்டுபிடித்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. நம்ம பக்கத்து டேனரிகளில் தோலைத் தரம்பிரிக்கிறவரைக் கவனித்திருக்கிறாயா? ஒரு கறையைப் பார்த்ததும் முழுத்தோலையும் அவர் கழித்துப் போடுவதில்லை. வெளிச்சத்தில் விரிப்பார், மேற்புறம் தடவுவார், திருப்பி உட்புறம் பார்ப்பார், கழுத்திலா வயிற்றிலா குறை என்று தேடுவார், அதன் பிறகே ரகம் சொல்வார். அந்த நிதானத்தை உன் விரலுக்குக் கொண்டுவா.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. உள்ளே இருந்தது உனக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் கையை எடு. மறுபடி ஃபார்மேட் அடிக்காதே, ஒரு பாட்டைக்கூட அதில் ஏற்றாதே. குவிக் ஃபார்மேட் என்பது ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைத்தான் புதிதாக எழுதுகிறது. ஃபைல்களின் உடம்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும், அதன்மேல் வேறொன்றை நீ எழுதும்வரை. ஃபோட்டோரெக் என்று ஒரு கருவி இருக்கிறது, இலவசம், மூலநிரல் திறந்தது. பேரில் போட்டோ இருந்தாலும் வேர்டு, பிடிஎஃப் எல்லாவற்றையும் தோண்டி எடுக்கும். எடுத்ததை அதே பென்டிரைவில் அல்ல, வேறிடத்தில் சேமி. ஃபைல்களின் பெயர்கள் போயிருக்கும், ஆயிரக்கணக்கில் எண்களாக வந்து குவியும், உட்கார்ந்து திறந்து பார். அழுதுகொண்டிருப்பதைவிட அது நல்ல வேலை. ஆனால் குவிக் என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் அடித்திருந்தால், விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ் எல்லாமே பகுதி முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடும். அங்கே தோண்ட எதுவுமில்லை, ஏற்றுக்கொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். பாதிப் பேர் ஃபார்மேட் அடித்ததே தேவையில்லாத காரியம். பிரவுசிங் சென்டரில் செருகினாய், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகியிருக்கிறது. வைரஸ் தின்றுவிட்டது என்று ஃபார்மேட் அடித்தாய். அது தின்னவில்லையப்பா! உன் ஃபைல்களை மறைத்துவைத்துவிட்டு, மேலே போலி ஷார்ட்கட்டுகளை வைத்தது. அட்ரிப் என்ற ஒரே ஒரு கட்டளையில் வெளியே வந்திருக்கும்.

சரி, உள்ளே எதுவும் வேண்டாம், பென்டிரைவ் மட்டும் வேண்டும் என்கிறாயா? வா. கணினியில் செருகும் வாயை, அதாவது யுஎஸ்பி போர்ட்டை, மாற்றிச் செருகு. மேசைக்கணினியின் முன்பக்க வாய்கள் உள்ளே ஒரு கேபிள் வழியாகத்தான் போகின்றன, பலர் கைபட்டுத் தளர்ந்திருக்கும். பின்பக்க வாய்கள் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்தவை. அங்கே செருகு. வேறு கணினியிலும் செருகிப் பார். பல அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பென்டிரைவே ஏறக்கூடாது என்று பூட்டிவைத்திருப்பார்கள். அங்கே தெரியாமல் போனதற்கு உன் பென்டிரைவ் என்ன பாவம் செய்தது?

இப்போது முக்கியமான இடம். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்து. வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும், அதைத் திற. கணினி வைத்திருப்பவர்களில் பலர் ஆயுளில் ஒருமுறைகூடத் திறக்காத அறை இது. கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக நிற்கும். உன் பென்டிரைவ் அங்கே தெரிகிறதா? தெரிந்தால் துள்ளிக் குதி. சில்லு உயிரோடு இருக்கிறது, கொள்ளளவைச் சொல்கிறது. தடுக்கியது மேல்படியில்தான்.

அந்த வரிசையின் தலையில் ஒரு பட்டை ஓடும். நீலமாக இருந்து, பாகமும் சரியாக இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது சொடுக்கு, சேஞ்ச் டிரைவ் லெட்டர், ஓர் எழுத்தைக் கொடு. முடிந்தது! வலைப்பின்னல் டிரைவோ கார்டு ரீடரோ அந்த எழுத்தைப் பிடித்துவைத்திருந்தால் இப்படி ஆகும். இந்த இருபது விநாடி வேலைக்காகப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

ரா என்று எழுதியிருக்கிறதா? பாகம் இருக்கிறது, உள்ளே எந்த முறை என்று விண்டோஸுக்குப் புரியவில்லை. ஃபார்மேட் ஓடும்போதே பிடுங்கியிருப்பாய், அல்லது கரண்ட் போயிருக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4, ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் முறைகளில் ஃபார்மேட் செய்ததும் இப்படித்தான் விண்டோஸுக்கு அந்நியமாகத் தெரியும். பென்டிரைவில் குறையில்லை, இரண்டு வீட்டுக்கும் பொதுவான முறை வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்ஃபேட்டில் மறுபடி அடி.

பட்டை கறுப்பாக, அன்அலோகேட்டட் என்று இருந்தால் பாகமே இல்லை. வலது சொடுக்கு, நியூ சிம்பிள் வால்யூம். அது கேட்கும் கேள்விகளுக்கு நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போ.

இன்னொரு வகை உண்டு, மாணவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். உபுண்டு போடுவதற்காகப் பென்டிரைவை பூட்டபிள் ஆக்கினாய். வேலை முடிந்து விண்டோஸில் ஃபார்மேட் அடித்தாய். 64 ஜிபி போய் சில எம்பிதான் காட்டுகிறது. மீதி எங்கே? எங்கும் போகவில்லை. நீ ஏற்றிய உபுண்டு ஐஎஸ்ஓ ஃபைல் பென்டிரைவைத் துண்டு துண்டாகப் பிரித்துவைத்தது. நீ ஃபார்மேட் அடித்தது ஒரு துண்டை மட்டும். இங்கேதான் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக்கருவி வரும். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சன்னலைத் திற. டிஸ்க்பார்ட் என்று கொடு, பிறகு லிஸ்ட் டிஸ்க். வருகிற பட்டியலை நிதானமாகப் படி. கொள்ளளவைப் பார், இரண்டாம் முறை பார். பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி லிஸ்ட் டிஸ்க் கொடு, எந்த எண் மறைந்தது என்று பார், திரும்பச் செருகி உறுதி செய். பிறகுதான் செலக்ட் டிஸ்க், அந்த எண். அடுத்து கிளீன். அந்த ஒற்றைச் சொல் "நிச்சயமா?" என்று கேட்காது. எண்ணை மாற்றிக் கொடுத்தால் உன் அப்பாவின் கணக்கும் அக்கா கல்யாணப் படங்களும் இருக்கிற வன்தட்டின் பாகப்பட்டியலை ஒரே நொடியில் துடைத்துவிடும். துணிச்சல் வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் கத்துகிறேன், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. பிறகு கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி, ஃபார்மேட் எஃப்எஸ்=எக்ஸ்ஃபேட் குவிக், அசைன். தொலைந்துபோன ஜிபிக்கள் அத்தனையும் திரும்பி வந்து நிற்கும்.

அந்த நிமிடத்தை அனுபவித்துப் பார். யாரும் கைதட்டமாட்டார்கள். ஆனால் உன் முதுகெலும்பில் ஏதோ ஒன்று நேராகும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ உன் வீட்டில் இருந்தால் இதையும் கேட்டுக்கொள். ஷூ அப்பர் தைக்கும் கணினிவழித் தையல் இயந்திரங்களுக்கு டிசைன் ஃபைல் பென்டிரைவில்தான் போகிறது என்று வைத்துக்கொள். பழைய பென்டிரைவ் சரியாக ஓடிற்று. புதிதாக 64 ஜிபி வாங்கி ஃபார்மேட் அடித்துக்கொண்டுபோனால் இயந்திரம் கண்டுகொள்ளவே இல்லை. கணினியில் அருமையாகத் திறக்கிறது! உடனே மெஷின் போர்டு போச்சு என்று ஒருவர், பென்டிரைவ் டூப்ளிகேட் என்று இன்னொருவர், லைன் நிற்கிறது, மேற்பார்வையாளர் கத்துகிறார். எதுவும் போகவில்லை. பழைய இயந்திரங்கள் பலவற்றுக்கு ஃபேட்32 தவிர வேறு தெரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்டதை விண்டோஸ் தானாக எக்ஸ்ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ அடித்துவிடும், பிளம்மர் போட்ட அந்த எல்லைதான் காரணம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 16 ஜிபிக்கு ஒரு பாகம் மட்டும் உருவாக்கி ஃபேட்32 கொடு, ஓடும். வீட்டு டிவிக்கும் கார் ஸ்டீரியோவுக்கும் இதே மருந்து. ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது என்பதை மட்டும் நினைவில் வை. இந்த ஒரு விஷயம் தெரிந்த தையல்கார அக்கா அந்த லைனில் எப்படி நிற்பார் என்று யோசி. டெக்னீஷியன் வரும்வரை காத்திருக்கும் கூட்டத்தில் அவர் நிற்கமாட்டார்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே தெரியவில்லையா? டிவைஸ் மேனேஜருக்குப் போ. மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 43 என்று நின்றால், நீ யார் என்ற முதல் கேள்வியிலேயே உரையாடல் முறிந்துவிட்டது. அங்கே அன்இன்ஸ்டால் கொடுத்து, பிடுங்கி, கணினியை மறுபடி கிளப்பிச் செருகு. சில சமயம் சரியாகும். அதுவும் ஆகாவிட்டால் லினக்ஸ் கணினியில் செருகிப் பார், இரண்டாவது மருத்துவர் அவர். 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டம் நினைவிருக்கிறதா? விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது அது. வாங்கிய கையோடு பலரும் அதை அழித்தார்கள், எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். லினக்ஸில் டிமெஸ்ஜ் (dmesg) என்று கொடுத்தால், செருகிய நொடியிலிருந்து என்னென்ன கேட்டது, எங்கே பதில் வரவில்லை என்று வரி வரியாக எழுதிக் காட்டும்.

போலிகளையும் சொல்லவேண்டும். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று ஆசைகாட்டி விற்பார்கள். உள்ளே இருப்பது சில ஜிபி. கட்டுப்பாட்டுச் சில்லையே பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். உண்மைக் கொள்ளளவைத் தாண்டி எழுதியதும் ஃபைல்கள் நொறுங்கும், நீ ஃபார்மேட் அடிப்பாய், மறுபடி நொறுங்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையைப் போட்டு உடைத்துவிடும். வாங்கிய அன்றே ஓட்டு.

எல்லாம் செய்தும் நோ மீடியா, 0 பைட் என்றே வந்தால்? அப்போது சொல், செத்துவிட்டது என்று. இப்போது உனக்கு அந்த உரிமை உண்டு. சில்லுக்கும் நினைவகத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டது. ஃபார்மேட் கொன்றது என்று நினைக்காதே. பெரும்பாலும் சாகக் கிடந்ததைத்தான் ஃபார்மேட் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஓர் ஆயுள் உண்டு. சில பென்டிரைவ்கள் முடிவு நெருங்கியதும் தாமாகவே எழுதுவதைப் பூட்டிக்கொண்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும். ரைட் புரொடெக்டட் என்று வந்து எந்தக் கட்டளைக்கும் மசியவில்லையென்றால், உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொண்டு விடைகொடு. விலைமதிப்பில்லாதது உள்ளே இருந்தால் தகவல் மீட்பு நிபுணரிடம் போ, நீயாகப் பிரித்துச் சூடு வைக்காதே.

அந்த நினைவகத்தைக் கண்டுபிடித்தவரைப் பற்றியும் தெரிந்துகொள். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியாளர் ஃபூஜியோ மசுவோகா. 1984-ல் ஃபிளாஷை உலகத்தின் முன் வைத்தார். இன்று உன் பென்டிரைவில் இருக்கும் நேண்ட் வகையை 1987-ல் வெளியிட்டார். அவருடைய நிறுவனமே அதன் அருமையை அறியவில்லை. வெளியேறிப் பேராசிரியர் ஆனார். ஆனாலும் தன் உழைப்பின் மதிப்பு தனக்குத் தெரியும் என்று 2004-ல் நீதிமன்றம் ஏறினார். 2006-ல் நிறுவனம் 8.7 கோடி யென் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவர் கேட்டது 100 கோடி யென். கிடைத்தது குறைவுதான். ஆனாலும் கேட்டார்!

நீ எதைக் கேட்டிருக்கிறாய்? தமிழ்வழியில் படித்தவன், எனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பாய்? அன்அலோகேட்டட், ரா, நோ மீடியா, கோட் 43. இன்று நீ படித்த ஆங்கிலம் அவ்வளவுதான். இதற்கு இலக்கணம் தேவையில்லை, பார்க்கிற கண் போதும். செய்தி வந்ததும் ஓகே கொடுத்து மூடாதே. எழுத்துக்கு எழுத்து ஒரு நோட்டில் எழுது. என்ன செய்தாய், என்ன ஆனது என்று பக்கத்தில் எழுது. பத்துப் பென்டிரைவுக்குப் பிறகு அந்த நோட்டுக்காக உன்னைத் தேடி விடுதி அறைக்கதவைத் தட்டுவார்கள்.

தம்பி, தங்கச்சி, வகுப்பில் யாரோ தூக்கிப் போடப்போகும் பென்டிரைவ் ஒன்று இருக்கும். கேட்டு வாங்கு. அவரிடமே "உள்ளே ஏதாவது வேண்டுமா?" என்று முதலில் கேள். பின்பக்க வாயில் செருகு. விண்டோஸ் பொத்தான், எக்ஸ், டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழே பார். பட்டை கறுப்பா, நீலமா?